வாசலில் நிற்பவருக்கு ஒரு பதில்: கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் உருவாக்கித் தந்த லினக்ஸ் இயங்குதளத்தில், லிப்ரெஆபீஸ் என்ற ஆவணச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய உங்கள் கட்டற்ற நிரல்களை நம்பித்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து, நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியை எப்படிப் பயன்படுத்துவது, ஒரு வழுவை (நிரல் பிழையை) எப்படிப் பதிவது, முதல் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, எப்படி அனுப்புவது என்று சொல்லிக் கொடுக்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. உங்களில் பலருக்கும் கிடையாது என்று தெரியும். அந்த உரிமையில் மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எந்தத் திட்டத்தின் பக்கத்துக்குப் போனாலும் 'பங்களிக்க வாருங்கள், எல்லோரையும் வரவேற்கிறோம்' என்று எழுதியிருக்கிறது. மாநாடுகளிலும் ஆள் போதவில்லை என்ற பேச்சுதான். ஆனால் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் கவலை.

என்னிடம் வந்த மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமம். அப்போது இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் குறிப்பெடுக்கும் ஒரு கட்டற்ற செயலியை வைத்திருந்தாள். அதில் ஒரு குறிப்பின் தலைப்பு 'அம்மா மருந்து'. பட்டியலில் அது 'அம்மா மருந்த' என்று வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பின்னால் மூன்று புள்ளி. முதலில் எழுத்துருவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். அவள்தான் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தாள். நம் கணக்குக்கு அது ஏழெழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையின் கணக்கில் இடைவெளியோடு பதிமூன்று: மெய்யின் புள்ளி தனி, உகரக் குறி தனி, கால் தனி. செயலியோ பன்னிரண்டோடு வெட்டச் சொல்லி வைத்திருந்தது. பதிமூன்றாவதாக நின்ற உகரக் குறி போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தலைப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தமிழில் எழுத்தே உடைந்துபோகும். இந்தியிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் இதே கதைதான்.

கண்டுபிடித்ததோடு விடவில்லை. இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து, யூனிகோடு குறிகளை எண்ணாமல் முழு எழுத்துகளாக எண்ணும்படி மாற்றினாள். ஆறு வரி. கூடவே 'தமிழ்' என்ற சொல்லை வைத்து ஒரு சோதனை: கண்ணுக்கு மூன்று எழுத்து, நிரலுக்கு ஐந்து. அனுப்பிய அன்று ராத்திரி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். முதல் பேட்ச் அனுப்பியவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும். உங்களுக்கும் அப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும்.

ஒரு மாதம் பதில் இல்லை. ரொம்பத் தயங்கி, 'யாராவது பார்க்க முடியுமா?' என்று ஒரு வரி எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: 'பங்களிப்பு வழிகாட்டியைப் படிக்கவும்.' எந்த விதி மீறப்பட்டது என்று அதில் இல்லை. வழிகாட்டியை மூன்று முறை படித்து, கமிட் செய்தியை (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பை) அவளாகவே ஏதோ ஊகித்துத் திருத்தி, மறுபடி அனுப்பினாள். மறுபடி மௌனம். அறுபது நாள் கழித்து ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து, 'செயல்பாடு இல்லாததால் இது மூடப்படுகிறது' என்று எழுதி மூடிவிட்டுப் போனது. செயல்பாடு இல்லாமல் இருந்தது அவள் பக்கம் அல்ல.

"அண்ணா, நான் எழுதினது தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அப்புறம் வேலைவாய்ப்புப் பயிற்சி, நேர்முகத் தேர்வு என்று போய்விட்டாள்.

அந்தச் செயலியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதைப் பராமரிப்பவரும் வேலை முடிந்து வந்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு உட்காரும் ஓர் ஆளாகத்தான் இருப்பார். உங்கள் பக்கத்துச் சுமையை நான் பார்க்காமல் இல்லை. 2020 அக்டோபரில், பங்களிப்பு அனுப்பினால் டிஷர்ட் தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த டிஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் உங்கள் நிரல் களஞ்சியங்களில் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்று ஒரு சொல் சேர்த்து, அதைப் பங்களிப்பு என்று அனுப்பினார்கள். எங்கள் நாட்டிலிருந்தும் நிறையப் போனது. அதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. என் வகுப்பில் முதல் நாளே அதைத்தான் சொல்கிறேன். கொஞ்ச காலமாகச் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் போலி வழு அறிக்கைகள் வேறு. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் இதைப் பற்றிப் பலமுறை பொதுவில் எழுதியிருக்கிறார். இல்லாத ஓட்டையை இருப்பதாகச் சொல்லும் அறிக்கையைப் படித்து, சோதித்து, இல்லை என்று நிரூபிக்க மனிதர்தான் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஆகவே கதவைக் கொஞ்சம் இறுக்கமாகச் சாத்தியிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதவு யாரைத் தடுக்கிறது என்று நின்று பாருங்கள். குப்பை கொட்ட வருபவன் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஒன்றை மூடினால் அடுத்த களஞ்சியத்துக்குப் போய்விடுவான். கெட்ட எண்ணத்தோடு வருபவனுக்கோ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும் பொறுமை இருக்கிறது. உங்கள் மௌனத்தில் உடைந்து போவது, தயங்கித் தயங்கி வந்த அந்தப் பிள்ளைதான்.

எக்ஸ்இசட் யூடில்ஸில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு தனி மனிதரின் களைப்பைப் பற்றிய கதை. உலகத்து லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஒரு கோப்புச் சுருக்க மென்பொருள் அது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் வருடக்கணக்காக, அநேகமாக ஒற்றை ஆளாக, அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். 2022ல், முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து மடலுக்கு மேல் மடல் வந்தது: ஏன் இவ்வளவு தாமதம், உனக்கு ஆர்வம் போய்விட்டதா, வேறு ஆளிடம் கொடுத்துவிடு. தனக்கு நீண்ட காலமாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் கூடவே நின்று, ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, பணிவாகப் பேசிய ஒரே ஆள் 'ஜியா டான்' என்ற பெயரில் இருந்தவர். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், வெளியார் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு இருந்தது.

மார்ச் 29 அன்று அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு நிரல் எழுதுபவர். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியவர். அந்த அரை நொடியை அவர் சும்மா விட்டிருந்தால் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களின் நிலையான பதிப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த மடல்களைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நேர்மையான இன்னும் நாலு பேர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெருக்குபவர்களைப் பார்த்து, 'சும்மா இருங்க, அவர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கும். வெளியீட்டுக் கோப்பை இன்னொரு கண் பார்த்திருக்கும். உங்களைச் சுற்றி ஆள் சேர்வதைப் புதியவர்களுக்குச் செய்யும் உபகாரமாக நினைக்காதீர்கள். முதலில் அது உங்களுக்குப் பாதுகாப்பு.

பணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. 2014ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், அந்த ஓட்டை இருந்த, உலகத்து வங்கிகளெல்லாம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்கத் திட்டத்துக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் டாலர் அளவுக்குத்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று வெளியே தெரிந்தது. நிறுவனங்கள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அவர்களுக்கு அல்ல. நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை.

யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதற்கு வருகிறேன். நிரல் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப், கட்டற்ற மென்பொருள் பற்றி 2017ல் நடத்திய ஆய்வில் பதில் சொன்னவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம்தான் பெண்கள். எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண் பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எங்கே போகிறார்கள்? 'திறமை இருந்தால் வந்துவிடப் போகிறார்கள், கதவு திறந்துதானே இருக்கிறது' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு, லினக்ஸுக்குத் திரை இடைமுகம் தரும் க்னோம் திட்டத்தில் நடந்ததைச் சொல்வேன். 2006ல், மாணவர்கள் ஊக்கத்தொகையோடு கட்டற்ற மென்பொருளில் வேலை செய்த கோடைகாலத் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக க்னோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. உடனே அதே கோடையில், பெண்களுக்கென்று தனியாக ஒரு வாய்ப்பை அறிவித்தார்கள். நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். அந்த நூறு பேரும் முந்தின மாதமும் இருந்தவர்கள்தான். 'உன்னைத்தான் கூப்பிடுகிறோம்' என்று அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. அந்த முயற்சிதான் வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமாக நிற்கிறது.

பைத்தான் நிரல்மொழியிலும் அப்படித்தான். 2015ல், பைத்தான் மாநாடான பைகான் மேடையில் கைடோ வான் ரோசம், பைத்தானின் மையக் குழுவில் பெண்கள் வேண்டும், அவர்களுக்கு நானே கற்றுக்கொடுக்கத் தயார் என்று அறிவித்தார். மரியாட்டா விஜயா அவரிடம் போய்க் கேட்டார், கற்றுக்கொண்டார், 2017ல் மையக் குழுவின் முதல் பெண் ஆனார். மொழியை உருவாக்கியவரே ஒரு புதியவருக்கு நேரம் ஒதுக்கினார் என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் பேருக்குப் பொதுவாக அழைப்பு விடுப்பதைவிட, ஒருவரிடம் 'வா, நான் கூட இருக்கிறேன்' என்று சொல்வதில் பலன் அதிகம். என் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கண்டதும் அதுதான்.

பேச்சு எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு யூஎஸ்பி 3.0 இயக்கியை எழுதிய சேஜ் ஷார்ப், அங்கே பேசும் முறையைத் தாங்க முடியவில்லை என்று சொல்லி 2015ல் வெளிப்படையாக விலகினார். பிறகு அவுட்ரீச்சியை நடத்துபவர்களில் ஒருவரானார். 2018 செப்டம்பரில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்து திரும்பினார். அதே சமயத்தில் கெர்னலுக்கு நடத்தை விதிகளும் வந்தன. முரட்டுத்தனமாகப் பேசினால்தான் நிரலின் தரம் நிற்கும் என்று சொல்லிவந்தவர்கள் உண்டு. விதிகள் வந்த பிறகும் கெர்னல் தரமாகத்தான் வெளிவந்துகொண்டிருக்கிறது. 'இந்த நிரல் சரியில்லை, இந்த இடத்தில் நினைவகம் கசிகிறது' என்று சொல்லுங்கள், என் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். நிரலைத் திட்டுவதும் ஆளைத் திட்டுவதும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கண்ணுக்கே படாத சின்னத் தடைகளும் இருக்கின்றன. பங்களிப்பு ஒப்பந்தப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டும் கட்டாயம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. என் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தில்தான் முதலில் முழிக்கிறார்கள். ஒருத்தி அப்பா பெயரைப் போட்டாள், இன்னொருவன் ஊர்ப் பெயரைப் போட்டான், மூன்றாமவன் ஒரு புள்ளி வைத்தான். லினக்ஸ் கெர்னலில், உண்மைப் பெயரைத்தான் போட வேண்டும் என்று இருந்த விதியின் வாசகத்தையே 2023ல் மாற்றி, அறியப்பட்ட ஓர் அடையாளம் இருந்தால் போதும் என்று எழுதிவிட்டார்கள். உங்களால் ஒரு கட்டத்தையாவது எடுத்துவிட முடியாதா?

அப்புறம் கூட்டங்கள். கலிஃபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் கோடையில் இங்கே ராத்திரி பத்தரை. எங்கள் மாணவிகள் பலரின் விடுதியில் பத்து மணிக்கு வைஃபையை நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தில் வாய்மொழியாக எடுத்த முடிவு எழுத்தில் வராவிட்டால், இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த முடிவே நடக்காத மாதிரிதான். ஒரு மாதம் உங்களுக்கு வசதியான நேரம், அடுத்த மாதம் எங்களுக்கு வசதியான நேரம் என்று மாற்றி வையுங்கள். முடியாவிட்டால் பேசியதை எழுதி வையுங்கள், அது போதும்.

சரி, நான் கேட்பது என்ன? முதல் முறை வருபவருக்கு ஒரு வாரத்துக்குள் மனிதர் எழுதிய ஒரு வரி. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. 'பார்த்தேன், நன்றி, அடுத்த மாதம்தான் நேரம் கிடைக்கும்' என்றால் போதும், என் பிள்ளைகள் ஒரு வருடம்கூடக் காத்திருப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். முதல் பேட்சுகளை மட்டுமாவது அந்த மூடும் பாட் நிரலிடமிருந்து விலக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நீங்களே சரிசெய்துவிடக்கூடிய வழு கண்ணில் பட்டால், கையைக் கட்டிக்கொண்டு அதைப் புதியவருக்காக விட்டுவையுங்கள். இது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்தான். வழிகாட்டியை நீங்கள் எழுதுவதைவிட, போன வாரம் திக்கித் திணறி உள்ளே வந்தவரை எழுதச் சொல்லுங்கள். அதே கிட்ஹப் ஆய்வில் 93 சதவீதம் பேர் ஆவணங்கள் அரைகுறையாக, குழப்பமாக இருப்பதைத்தான் குறையாகச் சொன்னார்கள். எங்கே தடுக்கி விழுந்தோம் என்று விழுந்தவருக்குத்தானே தெரியும்?

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். மொழிபெயர்ப்பவர், வழுக்களைப் பிரித்து அடுக்குபவர், ஆவணம் எழுதுபவர், புதியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஆகியோரை 'உதவி செய்பவர்கள்' என்று ஓரத்தில் நிறுத்தாதீர்கள். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். டெபியன் 2010லேயே வாக்கெடுப்பு நடத்தி, மென்பொருள் பொதி உருவாக்காதவர்களும் முழு உறுப்பினராகலாம் என்று முடிவு செய்தது. தமிழில் இடைமுகத்தை மொழிபெயர்க்கும் ஒருவர் பத்து வருடம் உழைத்தும், ஒரு பொத்தானின் அகலத்தை மாற்றச் சொல்லும் உரிமை இல்லாமல் இருக்கிறார். தமிழ்ச் சொல் நீளமானது, பொத்தானில் பாதி வெட்டுப்படுகிறது. அவர் எழுதிப்போட்ட வேண்டுகோளும் 'செயல்பாடு இல்லாததால்' மூடப்பட்டிருக்கும்.

சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போதே நடக்க வேண்டும். 2018 ஜூலையில் கைடோ, ஒரு நீண்ட சண்டைக்குப் பிறகு களைத்துப்போய், பைத்தானின் தலைமையிலிருந்து விலகினார். மொழி நின்றுவிடவில்லை. மையக் குழுவினர் மாதக்கணக்கில் விவாதித்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்படித் தேர்ந்தெடுக்கக் கூடி உட்கார அங்கே ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் உங்கள் களஞ்சியத்தைத் திறக்க இன்னொரு ஆள் இருக்கிறாரா? அவரை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?

போன மாதம் அந்த மாணவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். செயலியின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். 'அம்மா மருந்த', மூன்று புள்ளி. "இன்னும் அப்படியேதான் இருக்குண்ணா. நான் மாத்தி எழுதின பழைய நிரல் கிளை என்கிட்ட பத்திரமா இருக்கு. திரும்ப அனுப்பிப் பார்க்கவா?" என்று கேட்டிருந்தாள்.

அனுப்பச் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். ஒரே பெயர், குடும்பப் பெயர் இருக்காது. ஆறு வரி, ஒரு சோதனை. பார்த்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பங்களிப்பாளர்